ரெண்டும் இடது கால்

விளக்கை அணைச்சாச்சு. தள்ளிப் படு மயிலு, அத்தைக்கும் கொஞ்சம் இடம் விடு. இந்த வேக்காட்டுல எதுக்குடி போர்வைய கால் வரைக்கும் இழுத்து மூடியிருக்க? சரி சரி, கேக்கல. பள்ளிக்கூடத்துல எவ என்ன சொன்னான்னும் கேக்கல. கதைதானே வேணும், சொல்றேன். நடுநடுவுல ‘ம்’ போடணும். ‘ம்’ நின்னா கதையும் நின்னுரும்.

ஒரு ஊர்ல ஒரு குடும்பம் இருந்துச்சு. அப்பா வைரவன், தச்சு வேலை. அம்மா பேச்சியம்மா. மூத்தவ அரியநாச்சி, கடைக்குட்டி சிட்டு. பார்த்தா உன்னைய மாதிரி என்னைய மாதிரிதான். சோறு திம்பாங்க, சண்டை போடுவாங்க, சளி பிடிச்சா அச் அச்சுனு தும்முவாங்க. ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம். அவங்க கால் தரையில படாது.

“ம்.”

படாதுன்னா படாது. உக்காந்தா உக்காருவாங்க, படுத்தா படுப்பாங்க. எந்திரிச்சு நின்னா மட்டும் நாலு விரக்கடை மேலயே நிப்பாங்க. பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு பூனை தாராளமா வாலை விட்டு எடுக்கலாம்.

ஏன் அப்படின்னு கேளு. அவங்க வம்சத்துல ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஒரு பூட்டி இருந்தா. அவ ஆசைப்பட்டவனைக் கட்டிக்கிட்டான்னு ஊரே கூடி, ‘இனி எங்க மண்ணை மிதிக்காத, போ’ன்னு துரத்துச்சு. அவளுக்கு வந்துச்சு பாரு ரோஷம். ‘மிதிக்கல போங்கடா’ன்னா. சொன்ன வாய் மூடல, ஜிவ்வுன்னு மேல எழும்பிட்டா. அப்படியே அத்தனை பேரு முன்னாடியும் தலை நிமுந்து நடந்து போயிட்டா. அதுக்கப்புறம் அவ வம்சத்துல பொறந்த ஒண்ணுக்கும் கால் தரையில படல. தரையில கெடக்கிற கல்லு, பாய், பலகை எதையும் தொடாது. யாராவது மனசு வெச்சு கையில ஏந்திக் குடுத்தா மட்டும் தொடும். எனக்கு அந்தப் பூட்டியை ரொம்பப் பிடிக்கும்.

ஆனா பின்னால வந்தவங்க அதை ரோஷமாவா நினைச்சாங்க? வெக்கமா நினைச்சாங்க. ஊர்ல ‘காத்து அண்டிரும், காத்து அடிச்சிரும்’னு சொல்லுவாங்கல்ல, அந்தக் காத்துனு இவங்களுக்குப் பேரு. கால் தெரிஞ்சிருச்சுன்னா வேப்பிலையும் செருப்புமா அடிச்சுத் துரத்துவாங்க. ராவோட ராவா சட்டிபானையைக் கட்டிக்கிட்டு அடுத்த ஊரு. அப்புறம் அதுக்கு அடுத்த ஊரு. பேச்சியம்மா எந்த ஊர்லயும் ஒரு கருவேப்பிலைக் கன்னு வெச்சு இலை பறிச்சதில்ல.

அதனால வைரவன் ஒரு வேலை பண்ணான். நாலு விரக்கடை கனத்துக்கு பூவரசங்கட்டைய அறுத்து, பாதம் மாதிரி செதுக்கி, சிட்டுவைத் தவிர மத்த ஆளுக்கு ரெண்டு குடுத்தான். அதைக் காலுக்கு அடியில வெச்சு, கணுக்கால்ல கயித்தால இறுக்கிக் கட்டிக்கணும். மேல சேலை மறைச்சுக்கும். நடந்தா டொக், டொக்னு சத்தம் வரும். மண்ணுல தடமும் விழும். கயிறு அறுத்த எடத்துல புண்ணு வரும். மஞ்சளைக் குழைச்சு அப்பிக்கிட்டு மறுபடியும் கட்டிக்குவாங்க.

“வலிக்காதா அத்தை?”

வலிக்கும். வலிக்காம என்ன.

அதுல ஒரு கூத்தும் நடந்துச்சு. வைரவன் தன்னோட இடது காலை முன்னால நீட்டி வெச்சுக்கிட்டு, அதைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினான். ஒண்ணு முடிஞ்சுது. இன்னொண்ணையும் அதே மாதிரியே செதுக்கிட்டான். கெட்டிக்காரத் தச்சன்தான், அவன் கதவு செஞ்சா எறும்பு நுழையாது. ஆனா தலைமுறை தலைமுறையா காலடித் தடமே விழாத சனம் அது. மண்ணுல இடது ஒரு பக்கம் வளையும், வலது ஒரு பக்கம் வளையும்னு அவனுக்கு எங்க தெரியும்? ஆக, அந்தக் குடும்பம் நடந்து போன தடத்தைப் பார்த்தா எல்லாமே இடது காலு. இடது, இடது, இடது. ஊரே நொண்டியடிச்சுட்டுப் போன மாதிரி இருக்கும்.

யாரும் கவனிக்கல. யாரு குனிஞ்சு தரையப் பார்க்கிறா? ஒருத்தன் பார்த்தான்.

“யாரு?”

தவசின்னு ஒருத்தன். வெத்தலைக் கொடிக்கால் வெச்சிருந்தான். கொடிக்கால் பார்த்திருக்கியா நீ? அகத்தி மரத்தை வரிசையா நட்டு, அதுல வெத்தலைக் கொடியை ஏத்தி விட்டிருப்பாங்க. உள்ள போனா பச்சை இருட்டு, ஜில்லுனு இருக்கும். கீழ எப்பவும் ஈர மண்ணு. அதுக்குள்ள செருப்போட போகக்கூடாது. எவ்வளவு பெரிய மனுசனா இருந்தாலும் வரப்புலயே கழட்டி விட்டுட்டுத்தான் இறங்கணும். வெத்தலை மகாலட்சுமி இல்லையா, அதுக்கு ஒரு மரியாதை.

நாச்சி அங்கதான் வெத்தலை அடுக்குற வேலைக்குப் போனா. மத்த பொம்பளைங்க செருப்பைக் கழட்டிட்டு இறங்குவாங்க. இவ கட்டையோடதான் இறங்கணும். ‘தாயே, மன்னிச்சுக்கோ, வேற வழியில்ல’ன்னு தினமும் கொடியைப் பார்த்து மனசுக்குள்ள சொல்லிக்குவா. பொய் சொல்லிப் பிழைக்கிறது அவளுக்கு அப்பவே பிடிக்கல.

அப்போ ஒரு நாள் காலையில பாத்திக்குள்ள இறங்குறா, நேத்து அவ நடந்த தடம் அப்படியே கெடக்கு. அவ இடது தடத்துக்குப் பக்கத்துல புதுசா ஒரு வலது தடம். அடுத்த இடது, அதுக்குப் பக்கத்துல ஒரு வலது. பாத்தி முழுக்க அப்படித்தான். இடது சின்னது, வலது முறம் மாதிரி பெருசு. ஓடிப் போய் அப்பாகிட்ட சொல்லிருந்தா அன்னிக்கே ஊரை விட்டுக் கிளம்பியிருப்பாங்க. அவ சொல்லல. நேரா தவசிகிட்ட போய் நின்னா.

“இது யாரு மிதிச்சது?”

அவன் அகத்திக் கிளையைக் கழிச்சுக்கிட்டிருந்தான். “நான்தான்.”

“எதுக்கு?”

“வெத்தலை வாங்க வர்ற ஏவாரி தரையப் பார்த்தே நடக்கிற ஆளு. ஒரே காலா கெடந்தா நாலு பேருகிட்ட சொல்லுவான். அதான் ஜோடி சேர்த்து வெச்சேன்.”

“எவ்வளவு நாளா?”

“நீ வேலைக்கு வந்த நாள்லேருந்து. அப்பல்லாம் அழிச்சு விடுவேன். நேத்து அழிக்க மனசு வரல.”

“அப்ப நாங்க யாருன்னு தெரியும். பயமா இல்ல உங்களுக்கு?”

“இருக்கு. எங்கம்மாவை நினைச்சாத்தான் பயம். உன்னைப் பார்த்து எதுக்குப் பயப்படணும்?”

அவ்வளவுதான் பேச்சு. நாச்சி வெத்தலை அடுக்கப் போயிட்டா. ஆனா அன்னிக்கு முழுக்க அவ அடுக்கின அடுக்கு எதுவும் நேரா வரல. ஒருத்தன் நம்ம பொய்யைக் காட்டிக் குடுக்காம, அதுக்குப் பக்கத்துலயே தன் காலையும் வெச்சிருக்கான்னா, எந்தப் பொண்ணுக்குத்தான் மனசு நிக்கும்? அவளுக்கும் நிக்கல. அவனுக்கு எப்பவோ போயிருச்சு.

தூங்கிட்டியா?

“ம்ஹும். சொல்லு.”

அப்புறம் தவசி வீட்டுல கல்யாணப் பேச்சு எடுத்தான். அவன் அம்மா பேரு கூடம்மா. இரும்பு மனுசி. அவளையும் சும்மா திட்டிரக்கூடாது. புருசன் வயக்காட்டுலேருந்து வந்து படுத்தவன் எந்திரிக்கல. ஊரு ‘காத்து அடிச்சிருச்சு’ன்னு சொல்லிருச்சு. அன்னிலேருந்து அவளுக்குக் காத்துன்னா நெஞ்சு பதறும். மிச்சம் இருந்தது ஒரே மகன். அவன் போய் டொக் டொக்னு நடக்கிற பொண்ணைக் கட்டணும்னா, பெத்தவ சும்மா இருப்பாளா? ‘பொண்ணை வீட்டுக்கு வரச் சொல்லு, நான் பார்த்துக்கிறேன்’ன்னா.

மொத நாளு. காத்துக்கு இரும்பு ஆகாது, இரும்பைத் தொட்டா அலறிட்டு ஓடும்னு ஊர்ல ஒரு பேச்சு. அதனால இரும்புப் பூண் போட்ட உலக்கையை எடுத்து நாச்சி கையில குடுத்தா கூடம்மா. “ஒரு கை நெல்லு குத்திக் குடும்மா.” நாச்சிக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. கோவம் சுள்ளுனு வந்துச்சு. பூண் மேலயே கையை வெச்சு ஒரு அழுத்து அழுத்தித் தடவிப் பார்த்துட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு, ணங் ணங்னு குத்த ஆரம்பிச்சா. ஒரு கை நெல்லு, ஒரு மரக்கா ஆச்சு. குதிருல இருந்தது பூரா குத்தி முடிச்சுட்டு, “இன்னும் இருக்கா அத்தை, பக்கத்து வீட்டுலயும் வாங்கிட்டு வரவா?”ன்னு கேட்டா. கூடம்மா உலக்கையைப் பிடுங்கி மூலையில சாத்தி வெச்சா.

ரெண்டாவது நாளு. வாசல் முழுக்கக் கெட்டியா சாணி மெழுகி வெச்சுட்டு, ஈரம் காயறதுக்குள்ள “உள்ள வாம்மா”ன்னு கூப்பிட்டா. காத்துக்குத் தடம் விழாதாம். நாச்சி டொக் டொக்னு நடந்து வந்தா. தடம் பளிச்சுனு விழுந்துச்சு. கூடம்மா குனிஞ்சா. ஒண்ணைப் பார்த்தா, அடுத்ததைப் பார்த்தா, புருவத்தைச் சுருக்கினா. மூணாவதைப் பார்க்கிறதுக்குள்ள தண்ணிக் குடத்தோட ஓடி வந்தான் தவசி. தொப்புனு விழுந்தான். குடம் டமார். விழுந்தவன் எந்திரிச்சானா? இந்தப் பக்கம் உருண்டான், அந்தப் பக்கம் உருண்டான், வாசல் முழுக்க உருண்டு அத்தனை தடத்தையும் சட்டையிலயே துடைச்சு எடுத்துட்டான். “எருமை, கண்ணு எங்கடா இருக்கு?”ன்னு அவன் அம்மா கத்துறா, இவன் சாணியும் சகதியுமா பல்லைக் காட்டிட்டு நிக்கிறான். நாச்சி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சா. சிரிச்சவளுக்குக் கண்ணு ரெண்டும் கலங்கிருச்சு.

சிரிக்காத, மூச்சு முட்டப் போகுது. படு.

அப்போ கூடம்மா சொன்னா, “சரி, கல்யாணம் நடக்கட்டும். அம்மி இருக்குல்ல, அது பொய் சொல்லாது.” உனக்குத் தெரியும்ல, தாலி கட்டினதும் மாப்பிள்ளை குனிஞ்சு, பொண்ணோட வெறுங்காலைக் கையால பிடிச்சு, தரையில கெடக்கிற அம்மி மேல தூக்கி வெச்சு, விரல்ல மெட்டி போடணும். ஊரே கழுத்தை எக்கிப் பார்க்கும். அம்மியில கால் படலன்னா கல்யாணம் அங்கயே நின்னுரும்.

வைரவன் அதுக்கும் ஒரு வழி பண்ணான். மனசில்லாமத்தான் கல்யாணத்துக்குச் சம்மதிச்சிருந்தான். “எத்தனை ஊரு ஓடியாச்சு. ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் கதவு செஞ்சு குடுத்தேன், என் வீட்டுக்குன்னு ஒரு கதவு இந்த ஊர்லதான் மாட்டியிருக்கேன். அதைக் கழட்ட வெச்சிராத தாயி”ன்னு மககிட்ட கெஞ்சினான். நாளு பூரா உக்காந்து புதுசா ஒரு ஜோடி கட்டை செதுக்கினான். இந்தத் தடவை விரலு, நகம், நரம்பு எல்லாம் வெச்சு, மஞ்சளும் எண்ணெயும் தேச்சு, நிஜக் கால் தோத்துப் போற மாதிரி. இதுவும் ரெண்டும் இடதுதான், அதை விடு. “இந்த விரல்ல மெட்டி போடட்டும். யாருக்கும் தெரியாது”ன்னான்.

நாச்சி அந்தக் கட்டையை மடியில வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா. சாயங்காலம் கொடிக்கால் வரப்புல தவசிகிட்ட சொன்னா. அவன், “மரத்துலயே போடுறேன் நாச்சி. உங்க வீட்டுக்கு ஒரு ஆபத்து வேணாம்”ன்னான். நல்லவன்தான். ஆனா அவ மனசு ஆறல. அவன் மெட்டி போடப் போறது பூவரசங்கட்டைக்கு. அவ காலுக்கு இல்ல. காலம் பூரா அவன் பக்கத்துல படுத்தாலும், வெளிய அவ கட்டைதான்.

இருந்தாலும் வீட்டுக்காகப் பொறுத்துப் போயிருப்பா. வீட்டுக்கு வந்தா, அங்க சிட்டு அழற சத்தம்.

“ஏன் அழுதா?”

சிட்டுவுக்கு அதுவரைக்கும் கட்டை கட்டல. சின்னப் பிள்ளை, வீட்டுக்குள்ளயே ஜிவ்வு ஜிவ்வுன்னு மிதந்துக்கிட்டுத் திரிவா. நாளைக்குக் கல்யாணத்துக்கு நாலு பேரு வருவாங்களே, அதனால அன்னிக்குத்தான் மொத மொத வைரவன் அவளுக்குச் சின்னதா ரெண்டு கட்டை வெச்சு இறுக்குறான். அது பஞ்சு மாதிரிக் காலு. “அப்பா, நான் என்ன தப்பு பண்ணேன்?”னு கேட்டு அழுவுது. பேச்சியம்மா செவுத்தைப் பார்த்து உக்காந்திருக்கா. வைரவன் கயித்தை விடல.

நாச்சி அப்படியே நின்னா. அந்தக் கேள்வியை அவளும் ஒரு நாள் கேட்டிருக்கா. யாரும் பதில் சொல்லல.

“அப்பா,” ன்னா. “நாளைக்கு மணவறையில நான் கட்டையைக் கழட்டப் போறேன்.”

வைரவன் நிமுந்து பார்த்தான். “எங்க தலையில மண்ணை அள்ளிப் போடப் போறியா?”

“இல்லப்பா. மறைவா செஞ்சு உங்களை மாட்டி விட மாட்டேன், அதான் முன்னாடியே சொல்றேன். மாட்டு வண்டியைப் பூட்டி, சாமானெல்லாம் ஏத்தி, பந்தலுக்குப் பின்னால நிறுத்திக்கோங்க. நான் குனிஞ்சு கயித்தை அவுக்கும்போது நீங்க கிளம்பிருங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. ஆனா நான் ஓட மாட்டேன். பூட்டி என்ன, கால் படலன்னு அழுதாளா? வேணும்னுதானப்பா எழும்புனா. அவ ரோஷத்தை ஏன் நாம கட்டையில கட்டி மறைச்சு வெக்கணும்?”

“அவங்க உன்னை விட்டு வெக்க மாட்டாங்க தாயி.”

“அதையும் பார்த்துருவோம்.”

வைரவன் வண்டிக்குச் சொல்லி வெக்கக் கிளம்பிட்டான். பேச்சியம்மா மட்டும் எந்திரிச்சு வந்து, மக தலையைக் கோதி, கணுக்கால் புண்ணுக்கு மஞ்சள் வெச்சு விட்டா.

ம் சொல்லு. இப்பத்தான் கல்யாணம்.

“ம்.”

டும் டும் பீப்பீன்னு மேளம் கொட்டுது. தவசி வீட்டு வாசல்லதான் பந்தல். தாலி கட்டியாச்சு. கூடம்மா அம்மியைக் கழுவி மஞ்சள் பூசி நடுவுல கொண்டாந்து போட வெச்சா. போட்டுட்டு நகரல, அங்கயே கையைக் கட்டிக்கிட்டு நின்னா. தவசி அம்மிக்குப் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்தான். அவன் மரக்காலைப் பிடிக்கக் கையை நீட்டும்போது நாச்சி, “இருங்க”ன்னா.

குனிஞ்சா. சேலையைக் கணுக்காலுக்கு மேல தூக்கினா. முடிச்சை அவுத்தா. டொக். ஒரு கட்டை விழுந்துச்சு. டொக். இன்னொண்ணும் விழுந்துச்சு. மேளம் நின்னுருச்சு. அத்தனை பேரும் பார்க்கிறாங்க, பொண்ணு தரைக்கு மேல நாலு விரக்கடை ஒசரத்துல நிக்கிறா. கணுக்கால்ல ரெண்டு பக்கமும் கயிறு அறுத்த தழும்பு.

“காத்து!”ன்னு கூடம்மா ஒரு கத்து கத்தினா. அப்புறம் கேக்கணுமா. கசமுச கசமுசன்னு ஆயிருச்சு. பந்தக்கால்ல கட்டியிருந்த வேப்பிலையை உருவினான் ஒருத்தன், செருப்பைத் தேடினான் ஒருத்தன். “தவசி, எந்திரிச்சு வந்துருடா”ன்னு ஒரு பெரியப்பா.

நாச்சி நின்ன இடத்தை விட்டு நகரல. அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி சொன்னா. “ஆமா, நாங்க காத்துதான். எங்க பூட்டியை மண்ணை மிதிக்காதன்னாங்க, மிதிக்கல. அதைத் தவிர நாங்க யாருக்கு என்ன பண்ணோம்? இந்தப் பந்தல்ல இருக்கிற பாதிப் பேரு வீட்டுக் கதவு எங்கப்பா செஞ்சது. இத்தனை நாளு நீங்க போட்ட வெத்தலை நான் அடுக்கினது. அப்பல்லாம் யாரையும் எதுவும் அடிக்கல. இனிமே என் காலை மறைக்க மாட்டேன். இருக்கச் சொன்னா இருக்கேன். போகச் சொன்னா, போகவும் மாட்டேன்.”

பந்தலுக்குப் பின்னால சலங் சலங்னு மாட்டு மணி கேட்டுச்சு. வண்டி நகருது. போகட்டும், எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னு நாச்சி நினைச்சுக்கிட்டா. ஆனா அழுகையை அடக்க முடியல. அப்பா அம்மா போற சத்தத்தைக் காதால கேட்டுக்கிட்டு நிக்கிறது லேசா?

அப்போ தவசி என்ன பண்ணான் தெரியுமா? கீழ கெடந்த ரெண்டு கட்டையையும் தள்ளி வெச்சான். அம்மிக்கு அடியில ரெண்டு கையையும் குடுத்தான். தம் கட்டினான். முழு அம்மிடி, மயிலு. கழுத்து நரம்பு புடைக்குது, ‘ம்ம்ம்’னு முக்குறான். கல்லு அசைஞ்சுச்சு. ஒரு விரக்கடை எழும்புச்சு. ரெண்டு. மூணு. நாலு.

“உன் கால் எதுக்குக் கீழ வரணும்?”னான் பல்லைக் கடிச்சுக்கிட்டு. “கல்லு மேல வரும். வெய்யி நாச்சி.”

நாச்சி காலை வெச்சா. பட்டுச்சு. பொறந்ததுலேருந்து ஒரு கல்லு எப்படி இருக்கும்னு அவ பாதத்துக்குத் தெரியாது. ஜில்லுனு இருந்துச்சு. மஞ்சள் ஈரம் ஒட்டுச்சு. அந்தப் பந்தல்ல, அத்தனை வேப்பிலைக்கும் நடுவுல, அவளுக்கு அவ்வளவு சந்தோசம்.

ஆனா ஒரு சங்கடம். தவசியோட ரெண்டு கையும் கல்லுல இருக்கு. மெட்டி தட்டுல கெடக்கு. யாரு போடுறது? கல்லை விட்டா காலு படாது. ‘யாராவது ஒரு கை பிடிங்க’ன்னு தவசி கேட்டான். ஒருத்தன் வரல. சொந்தக்காரன், கூட்டாளி, ஒருத்தனும் வரல. அவன் கை வெடவெடன்னு ஆடுது. வேர்வை சொட்டுது. அம்மி கொஞ்சம் கொஞ்சமா இறங்குது.

அப்போ மாட்டு மணிச் சத்தம் நின்னுருச்சு.

“ம்?”

நின்னுருச்சு. அப்புறம் பந்தலுக்குப் பின்னால டொக், டொக்னு கேட்டுச்சு. அவசரமா வருது. டொக், டொக், டொக். அப்புறம் அந்தச் சத்தமும் நின்னுருச்சு. கூட்டம் தானா விலகுது. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, வெறுங்காலோட, ஒரு சத்தமும் இல்லாம மிதந்து வந்தான் வைரவன். தழும்பு ஏறின காலை ஊரே பார்க்குது. அவன் யாரையும் பார்க்கல. நேரா வந்து அம்மியோட இன்னொரு முனையில கையைக் குடுத்தான்.

“கல்லை நான் பிடிக்கிறேன் மாப்ள. நீங்க எம்மகளுக்கு மெட்டியைப் போடுங்க.”

பின்னாலேயே பேச்சியம்மா. அவ இடுப்புலேருந்து நழுவி சிட்டு ஜிவ்வுன்னு பந்தலுக்குள்ள வந்தா, கட்டை இல்லாம. தவசி நாச்சியோட காலைப் பிடிச்சான், நிஜக் காலை. வலது காலுக்கு ஒண்ணு, இடது காலுக்கு ஒண்ணு. மெட்டி போட்டாச்சு.

வேப்பிலையோட நின்னவங்களுக்குக் கையை எங்க வெக்கிறதுன்னு தெரியல. ஒருத்தன் அதை வெச்சு விசிறிக்கிட்டான். கொஞ்சம் பேரு முறைச்சுக்கிட்டு சாப்பிடாமப் போனாங்க. போகட்டும், பந்தியில பாயசம் மிச்சமாச்சு.

கூடம்மா மட்டும் விடல. பொண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்தா, நிலைப்படியில குறுக்க நிக்கிறா. “என் வாசப்படியில உன் கால் படக்கூடாது.”

நாச்சி அவளை நேரா பார்த்தா. “படாது அத்தை.”

கூடம்மா அவ முகத்தைப் பார்த்தா, காலைப் பார்த்தா, மகனைப் பார்த்தா. அவன் கையில தோலு உரிஞ்சு ரத்தம் கட்டியிருக்கு.

“பறப்பியா?”ன்னு கேட்டா கூடம்மா.

“இல்ல அத்தை. நாலு விரக்கடைதான்.”

“எம் புருசனை...”

“அவரை நாங்க பார்த்தது கூட இல்ல அத்தை. அப்ப நாங்க வேற ஊர்லேருந்து ஓடிக்கிட்டிருந்தோம்.”

கூடம்மா முந்தானையால முகத்தைத் துடைச்சா. உடனே கட்டிப் பிடிச்சு அழுதான்னு சொல்ல மாட்டேன், அப்படியெல்லாம் நடக்கல. “காலு மாதிரியே வாயும் தரையில நிக்க மாட்டேங்குது”ன்னு முணுமுணுத்துட்டு, ஒரு ஆள் நுழையுற அளவுக்கு நகந்தா. அன்னிக்கு அது போதும். மத்ததுக்கு ரெண்டு மூணு வருசம் ஆச்சு.

வைரவன் வண்டியிலேருந்து சாமானை இறக்கினான். கதவைக் கழட்டல. பேச்சியம்மா கருவேப்பிலைக் கன்னு வெச்சா, மரமாகி இலையும் பறிச்சா. அந்த ஊர்ல இன்னிக்கும் கல்யாணம்னா பொண்ணு கால் கீழ வராது. ரெண்டு வீட்டு ஆளுங்களும் ஆளுக்கொரு முனை பிடிச்சு அம்மியைத்தான் மேல தூக்குவாங்க.

“அத்தை... அந்தக் கட்டை என்ன ஆச்சு?”

எந்தக் கட்டை?

“விரல் வெச்ச கட்டை.”

நம்ம முன்வாசக் கதவு இருக்குல்ல, பழைய கதவு. எறும்பு நுழையாத கதவு. அது சாத்திக்காம இருக்க, கீழ ரெண்டு கட்டையை அண்டக் குடுத்திருக்கோம்ல. விடிஞ்சதும் எடுத்துத் திருப்பிப் பாரு. தேஞ்சு போயிருக்கும், ஆனா விரல் தெரியும். ரெண்டும் இடது கால்.

...என்ன, ‘ம்’மைக் காணோம்? இங்க பாரு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல அவ மறுபடியும் உன் காலைப் பார்த்துச் சிரிச்சா, பாவாடையை இழுத்து மூடாத. இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டு. எவளும் அதுக்கு மேல என்ன பண்ணிருவா?

போர்வையை எடு. ம்ம், அப்படி. கால் வெளிய தெரிஞ்சா தெரியட்டும், காத்து வாங்கட்டும். கதை வீடு போய்ச் சேர்ந்துச்சு, நீயும் கண்ணை மூடு.